குழாய் வந்த பின்னும் குடம் இறங்காதது ஏன்? இமயமலை ஊற்றுகள் வற்றுவதும் மீள்வதும்

இமயமலைக் கிராமங்களைப் பற்றி அண்மைக் காலமாக வரும் செய்திகளில் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு தகவல்களைப் பார்க்கிறோம். எல்லா வீடுகளுக்கும் குடிநீர்க் குழாய் இணைப்பு கொடுத்தாயிற்று என்கிறது ஒரு செய்தி. அதே மலைப்பகுதியில் ஏப்ரல், மே மாதங்களில் பெண்கள் குடங்களோடு சரிவில் இறங்கி ஏறும் படத்தை இன்னொரு செய்தி வெளியிடுகிறது. இவற்றில் எதுவும் பொய்யில்லை. மலைக் கிராமத்துக் குழாயைப் பின்தொடர்ந்து மேலே போனால் பல இடங்களில் அது ஓர் ஊற்றில் போய் முடிகிறது. அந்த ஊற்று கோடையில் ஒடுங்கிவிட்டால், குழாய் எத்தனை வீட்டுக்குப் போயிருந்தாலும் அதில் வருவதற்கு நீர் இருக்காது. குழாய் வறண்டதும் வீட்டுக்கு நீர் கொண்டுவரும் வேலை மறுபடியும் பெண்ணின் தலைக்கே வந்து சேர்கிறது.

ஆகவே மலையில் குடிநீர்ப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், குழாயை விட்டுவிட்டு ஊற்றிலிருந்து தொடங்க வேண்டும். ஊற்று எப்படி உண்டாகிறது, ஏன் வற்றுகிறது, வற்றியதை எப்படி மீட்கிறார்கள், மீட்டால் பெண்களின் வேலைப்பளு உண்மையில் எவ்வளவு குறைகிறது என்பவற்றை அந்த வரிசையிலேயே பார்க்கலாம்.

ஊற்று என்பது என்ன

மழை நீரில் ஒரு பங்கு சரிவில் வழிந்து ஓடையில் சேர்கிறது. இன்னொரு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்கிய நீர் பாறையின் துளைகளிலும் விரிசல்களிலும் தேங்கி, மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் அடுக்கை நீர்த்தாங்கி என்கிறோம். சமவெளியில் அந்த நீரை எடுக்கக் கிணறு தோண்ட வேண்டும். மலையிலோ சரிவு நிலத்தையே குறுக்காக வெட்டிக்கொண்டு இறங்குவதால், நீர்த்தாங்கியின் விளிம்பு சில இடங்களில் தானாகவே வெளியே வந்துவிடுகிறது. அங்கே கசிந்து வரும் நீர்தான் ஊற்று.

தமிழில் சுனை என்ற சொல் இருப்பதுபோல் ஒவ்வொரு மலை வட்டாரத்திலும் இதற்கென்று சொல் உண்டு. காஷ்மீரில் ஊற்றுக்கு நாக் என்று பெயர். அனந்த்நாக், வேரிநாக் என்ற ஊர்ப்பெயர்களில் இருப்பது அதுதான். உத்தராகண்டின் கட்வால் வட்டாரத்திலும் சிக்கிமிலும் பாறையிலிருந்து தாரையாக விழுவது தாரா எனப்படுகிறது. உத்தராகண்டின் இன்னொரு வட்டாரமான குமாவோனில் நவுலா என்று ஒன்று உண்டு: கசிவு நீர் வந்து சேரும் இடத்தில் தரையோடு ஒட்டிக் கட்டிய சிறிய கல் அறை, உள்ளே அடிநோக்கிக் குறுகிக்கொண்டே போகும் படிகளுள்ள சதுரத் தொட்டி, மேலே கற்பலகைக் கூரை. நீர் கலங்காமல் இருக்கவும் வெயில் படாமல் இருக்கவும் அமைந்த கட்டுமானம் அது. புதிதாக மணமாகி வந்த பெண்ணை அந்த ஊர் நவுலாவுக்கோ தாராவுக்கோ அழைத்துச் சென்று பூசை செய்விப்பது உத்தராகண்டில் நெடுநாள் வழக்கம். ஆயுள் முழுவதும் அவள் நீர் எடுக்கப்போகும் இடத்தை அவளுக்கு அறிமுகப்படுத்தும் சடங்காகவும் அது இருந்தது.

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இமயமலை என்றவுடன் பனி உருகி வரும் நீரையே நாம் நினைக்கிறோம். ஆனால் கிராமங்களில் பெரும்பாலானவை நடுத்தர உயரச் சரிவுகளில் இருக்கின்றன. பனிநீர் சுமந்து வரும் பேராறு அவற்றுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே, பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஆறு கைக்கு எட்டாது. ஊரின் குடிநீர் மழையையும், மழையைச் சேமித்து வைக்கும் ஊற்றையுமே நம்பியிருக்கிறது.

நிதி ஆயோக் 2018இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியா முழுவதும் சுமார் 50 லட்சம் ஊற்றுகள் இருப்பதாகவும் அவற்றில் ஏறத்தாழ 30 லட்சம் இமயமலைப் பகுதியில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. நாட்டில் சுமார் 20 கோடிப் பேர் ஏதோ ஒரு வகையில் ஊற்று நீரைச் சார்ந்திருக்கிறார்கள். இமயமலைப் பகுதியில் ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருந்த ஊற்றுகளில் கிட்டத்தட்டப் பாதி வற்றிவிட்டன அல்லது பருவகால ஊற்றுகளாகச் சுருங்கிவிட்டன என்றும் அதே அறிக்கை எச்சரித்தது.

ஏன் வற்றுகின்றன

இது நேற்று தொடங்கிய சரிவு இல்லை. நைனிதால் மாவட்டத்தின் கவுலா ஆற்றுப் படுகையை ஆராய்ந்த நிலவியலாளர் கட்க் சிங் வல்தியாவும் அவருடைய சக ஆய்வாளரும் 1989இலேயே, அங்குள்ள ஊற்றுகளின் நீர்வரத்து கணிசமாகக் குறைந்துவிட்டதைப் பதிவு செய்திருந்தார்கள். காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தவை.

1. மழையின் தன்மை மாறியிருக்கிறது. ஆண்டு மொத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியாத இடங்களிலும், பல நாள் தூறலாகப் பெய்த மழை சில மணி நேரக் கொட்டலாகச் சுருங்கிவிட்டது. மண் உறிஞ்சும் வேகத்துக்கு மேல் விழும் நீர் வழிந்தோடிவிடும். நீர்த்தாங்கியை நிரப்புவதில் முக்கியப் பங்குள்ள குளிர்கால மழையும் குறைந்துவிட்டது.

2. நிலத்தின் மேற்போர்வை மாறியிருக்கிறது. பாஞ்ச் எனப்படும் ஓக் மரக்காடுகளின் அடியில் தடித்த இலைமக்கும் புதரும் இருக்கும். அவை மழையின் வேகத்தைத் தாங்கி நீரை உள்ளே இறக்கும். அந்தக் காடுகள் அழிந்த பல சரிவுகளில் சீர் எனப்படும் பைன் பரவியது. பைன் ஊசியிலைகள் எளிதில் தீப்பற்றுவதால் ஆண்டுதோறும் தரை எரிகிறது. ஓக் மரம் நீரைச் சுரக்கிறது என்ற ஊர்நம்பிக்கையை அப்படியே அறிவியலாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும் அதன் அடியில் உள்ள மண்ணின் வேலையை அந்த நம்பிக்கை சரியாகவே கவனித்திருக்கிறது.

3. பாறை வெட்டப்படுகிறது. சாலைக்காகச் சரிவைச் செங்குத்தாக வெட்டும்போதும், நீர்மின் திட்டங்களுக்காகவும் ரயில் பாதைகளுக்காகவும் சுரங்கம் குடையும்போதும், நீர் நகர்ந்துவந்த விரிசல்கள் திசை மாறுகின்றன. 2009 டிசம்பர் 24 அன்று உத்தராகண்டின் ஜோஷிமட் அருகே சுரங்கம் குடையும் இயந்திரம் ஒரு நீர்த்தாங்கியைத் துளைத்துவிட்டது. வினாடிக்கு 700 முதல் 800 லிட்டர், அதாவது நாளொன்றுக்கு ஆறு, ஏழு கோடி லிட்டர் நீர் வெளியேறியதாக அடுத்த ஆண்டு அறிவியல் இதழில் எழுதிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மலைக்குள் எவ்வளவு நீர் தங்கியிருக்கிறது, அதை எவ்வளவு எளிதாக இழக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

4. ஊற்றின் வாயை அடைத்துவிடும் நல்லெண்ணக் கட்டுமானங்களும் உண்டு. பழைய நவுலாவின் கற்கள் காரை பூசாமல் அடுக்கப்பட்டவை. நீர் அவற்றின் இடுக்குகளின் வழியாகத்தான் தொட்டிக்குள் வருகிறது. புதுப்பிக்கிறோம் என்று சொல்லிச் சுவரையும் தரையையும் சிமெண்டால் பூசினால், நீர் வேறு வழி தேடிப் போய்விடும். கேட்பதற்குச் சிறிய பிழையாகத் தோன்றும் இதனால் கைவிடப்பட்ட நவுலாக்கள் பல.

நிலநடுக்கத்தாலும் ஊற்றுகள் இடம் மாறுவதுண்டு. 2015 ஏப்ரலில் நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் பல ஊர்களில் பழைய ஊற்று நின்றுபோய், வேறிடத்தில் புதிதாக நீர் கசியத் தொடங்கியது.

ஓர் ஊற்று ஒடுங்கினால் ஒரு நாள் எப்படி மாறுகிறது

பெண்களின் வேலைப்பளு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வதுதான் வழக்கம். அதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் ஊற்று மீட்பின் பொருள் விளங்கும்.

இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்களின் சராசரி 97 நிமிடங்கள். இது நாடு முழுவதற்குமான சராசரி. மலையில் இதனுடன் விறகு, கால்நடைத் தீவனம், படிக்கட்டு வயல் வேலை எல்லாம் சேர்கின்றன. ஆண்கள் பிழைப்புத் தேடிச் சமவெளி நகரங்களுக்குப் போய்விட்ட உத்தராகண்ட் கிராமங்களில் இவற்றைப் பங்கிட்டுக்கொள்ள வீட்டில் வேறு ஆளும் இல்லை.

சிக்கிமில் நடந்த ஊற்று ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2012இல் வெளியாயின. அங்கே ஓர் ஊற்றைச் சராசரியாக 27 வீடுகள் நம்பியிருந்தன. மழைக்காலம் முடிந்த செப்டம்பர் முதல் நவம்பர் வரை நிமிடத்துக்கு 51 லிட்டர் கொடுத்த ஊற்றுகள், மார்ச் முதல் மே வரை நிமிடத்துக்கு 8 லிட்டராக இறங்கின. வறட்சிப் பகுதிகளில் இந்தக் கோடை வரத்து பத்தாண்டுகளில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிட்டதாக மக்கள் கூறினார்கள்.

இந்த எண்களை வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணின் இடத்திலிருந்து பார்ப்போம். 20 லிட்டர் கேன் ஒன்று நிமிடத்துக்கு 51 லிட்டர் வரும்போது அரை நிமிடத்துக்குள் நிரம்பும். 8 லிட்டர் வரும்போது இரண்டரை நிமிடம் ஆகும். வரத்து 4.4 லிட்டராக இறங்கினால் ஒரு கேன் நிரம்ப நான்கரை நிமிடம் வேண்டும். 27 வீட்டுப் பெண்களும் ஆளுக்கு ஒரே ஒரு கேன் பிடிப்பதாக வைத்துக்கொண்டாலும், கடைசியில் நிற்பவர் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கேன் எந்த மூலைக்குப் போதும்? அதனால்தான் கோடையில் பாத்திரங்கள் முதல் நாள் இரவே வரிசையில் வைக்கப்படுகின்றன. யாராவது ஒருவர் விடியுமுன் எழுந்து போய்த் தன் இடத்தைக் காக்க வேண்டியிருக்கிறது. நீர் தாரையாக விழாமல் தொட்டியின் அடியில் மட்டும் கசியும் நாட்களில், ஒரு சிறு செம்பைச் சாய்த்து, சேறு கலங்காமல், கையளவு கையளவாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். அந்தப் பொறுமையும் வேலைதான். எந்தப் புள்ளிவிவரத்திலும் அது தனியாக எழுதப்படுவதில்லை.

தொலைவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மலையில் நீர்மட்டம் இறங்கும்போது முதலில் வற்றுவது பெரும்பாலும் மேலே, ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஊற்று. கடைசிவரை நீர் இருப்பது கீழே பள்ளத்தில். ஆகவே வெறும் குடத்தோடு இறங்கி, நிறைகுடத்தோடு ஏற வேண்டும். 20 லிட்டர் நீரின் எடை 20 கிலோ. கட்வாலில் அதைத் தலையில் வைத்துச் சுமக்கிறார்கள். சிக்கிமிலும் டார்ஜிலிங்கிலும் நேபாளத்திலும் நம்லோ என்ற பட்டையை நெற்றியில் மாட்டி, பாரத்தை முதுகில் சாய்த்து, உடலை முன்வளைத்து ஏறுகிறார்கள். கழுத்து வலி, முதுகெலும்புத் தேய்மானம் ஆகியவற்றோடு, பேறுகாலத்துக்குப் பின் போதிய ஓய்வின்றிப் பாரம் சுமப்பது கருப்பை இறக்கத்துக்கு ஒரு காரணம் என்று நேபாளத்தில் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

போய்வரக் காத்திருப்பையும் சேர்த்து 30 நிமிடத்துக்கு மேல் ஆனால் அதை அடிப்படைக் குடிநீர் வசதியாகக் கொள்ள முடியாது என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வைத்திருக்கும் அளவுகோல். மேலே பார்த்த வரிசையில் முக்கால்வாசிப் பேர், ஓர் அடிகூட நடக்காமலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுவார்கள்.

மீட்பு எங்கே தொடங்குகிறது

ஊற்று வற்றினால் ஊற்றின் அருகே எதையாவது கட்டுவது நம் இயல்பு. அங்கே தொட்டி கட்டினால் வரும் நீரைச் சேர்த்து வைக்கலாம். வராத நீரை வரவழைக்க முடியாது. ஊற்றுக்கு நீர் ஊட்டும் இடம் மேலே எங்கோ இருக்கிறது. அதற்குச் செறிவூட்டும் பகுதி என்று பெயர். ஓர் ஊற்றுக்குச் சொந்தமான செறிவூட்டும் பகுதி, நீர்த்தாங்கி, ஊற்றுவாய் ஆகிய மூன்றையும் சேர்த்து ஊற்றுப் படுகை என்று சொல்லலாம்.

இது நமக்குப் பழக்கமான நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து ஒரு முக்கியமான விதத்தில் வேறுபடுகிறது. ஆற்றின் நீர்ப்பிடிப்பைத் தீர்மானிப்பது மேற்பரப்பின் சரிவு. மலைமுகட்டோடு அதன் எல்லை முடிந்துவிடும். ஊற்றின் நீரைத் தீர்மானிப்பதோ உள்ளே இருக்கும் பாறை அடுக்குகளின் சாய்வு. அடுக்குகள் வடக்கிலிருந்து தெற்காகச் சாய்ந்திருந்தால், முகட்டுக்கு அப்பால் வடசரிவில் விழும் மழைகூட உள்ளுக்குள் நகர்ந்து தென்சரிவில் உள்ள ஊற்றில் வெளிவரலாம். ஊற்றுக்கு நேர் மேலே குழி வெட்டிய பல திட்டங்கள் பலன் தராமல் போனதற்கு இதுவே காரணம். குழி சரியாகவே வெட்டப்பட்டிருக்கும். ஆனால் அதில் இறங்கிய நீர் வேறு யாருடைய ஊற்றுக்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.

எனவே பாறையைப் படிக்க வேண்டும். நீர்புகும் பாறை, நீர்புகாப் பாறையின்மேல் படிந்திருக்கும் எல்லைக்கோட்டில் வருவது ஒரு வகை ஊற்று. பாறை விரிசல்கள் வழியே வருவது இன்னொரு வகை. நிலப்பிளவில் பாறைத் தொகுதிகள் இடம்பெயர்ந்த கோட்டில் வருவதும், சுண்ணாம்புப் பாறைக் குடைவுகளில் வருவதும், நீர்மட்டத்தைத் தரையின் பள்ளம் தொடும் இடத்தில் வருவதும் வேறு வேறு வகைகள். எந்த வகை என்று தெரிந்தால்தான் செறிவூட்டும் பகுதியைக் குறிக்க முடியும். புணேவைச் சேர்ந்த அக்வாடாம், டேராடூனின் மக்கள் அறிவியல் நிறுவனம், குமாவோனில் இயங்கும் சிராக் போன்ற அமைப்புகள் இந்த அறிவைக் கிராமத்து இளைஞர்களும் பெண்களும் கையாளும் அளவுக்கு எளிமைப்படுத்தியிருக்கின்றன. வேலை ஏறத்தாழ இந்த வரிசையில் நடக்கிறது:

1. ஊரில் உள்ள எல்லா ஊற்றுகளையும், வற்றியவை உட்பட, வரைபடத்தில் குறிப்பது. எந்த ஊற்று எந்த ஆண்டு வரை ஓடியது என்பது அங்கே நீர் எடுத்த மூத்த பெண்களுக்குத்தான் தெரியும்.

2. நீர்வரத்தை வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் அளப்பது. இதற்கு ஒரு வாளியும் கடிகாரமும் போதும்: பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். பக்கத்தில் ஒரு மழைமானியும் இருந்தால் மழைக்கும் வரத்துக்கும் உள்ள உறவு ஓர் ஆண்டில் தெரிந்துவிடும்.

3. பாறை அடுக்குகளின் சாய்வையும் திசையையும் சாலை வெட்டுகளிலும் ஓடைக்கரைகளிலும் அளந்து, செறிவூட்டும் பகுதியைத் தீர்மானிப்பது.

4. அந்த நிலம் யாருடையது, அதில் மேய்ச்சல் நடக்கிறதா, கழிப்பறைக் குழிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, உரியவர்களோடு பேசி உடன்பாடு காண்பது.

5. அங்கே சம உயரக் கோட்டில் இடைவெளி விட்டுக் குழிகள் வெட்டுவது, கசிவுநீர்க் குட்டைகள் அமைப்பது, ஓடைகளில் கல் தடுப்புகள் வைப்பது, புல்லும் புதரும் நடுவது.

இவற்றில் ஐந்தாவதைத்தான் படம் பிடிக்க முடியும். அதனாலேயே பல இடங்களில் முதல் நான்கையும் விட்டுவிட்டு நேராக ஐந்தாவதில் இறங்கிவிடுகிறார்கள். குழிக்கு வலுவான காரணம் இல்லாமல் இல்லை: ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 10,000 லிட்டர் நீர். வழிந்தோடும் மழையில் சிறு பங்கை மண்ணுக்குள் இறக்கினாலும் ஒரு சிற்றூருக்குப் பெரிய சேமிப்பு. ஆனால் அந்தக் குழி சரியான சரிவில் இருக்க வேண்டும்.

சிக்கிமும் உஃப்ரைங்காலும்

சிக்கிம் அரசின் ஊரக மேலாண்மைத் துறை 2008இல் தாரா விகாஸ் என்ற ஊற்று மீட்புத் திட்டத்தைத் தொடங்கியது. மழை மிகுதியாகப் பெய்யும் மாநிலமாக இருந்தாலும், மலைமறைவில் உள்ள தெற்கு, மேற்குப் பகுதிகளில் குளிர்காலமும் கோடையின் தொடக்கமும் வறண்டவை. நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலியைக் கொண்டு, ஊற்றுகளுக்கு மேலே உள்ள முகடுகளிலும் உழவர்களின் சரிவு நிலங்களிலும் குழிகளும் குட்டைகளும் வெட்டப்பட்டன. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட 5 ஊற்றுகளில் கோடை வரத்து நிமிடத்துக்கு 4.4 லிட்டரிலிருந்து 14.4 லிட்டராக உயர்ந்தது.

மேலே போட்ட கணக்கில் இந்த எண்ணைப் பொருத்திப் பாருங்கள். 20 லிட்டர் கேன் நிரம்ப நான்கரை நிமிடம் ஆன இடத்தில் இப்போது ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. 27 பேர் வரிசையின் கடைசியில் நிற்பவருக்குக் காத்திருப்பு இரண்டு மணியிலிருந்து முக்கால் மணிக்குள் வந்துவிடுகிறது. நடக்கும் தூரம் ஓர் அடிகூடக் குறையவில்லை. அப்படியிருந்தும் ஒருத்திக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. தொட்டி கட்டுவதற்கும் இப்போதுதான் பொருள் வருகிறது. எட்டு மணி நேர இரவில், நிமிடத்துக்கு 4.4 லிட்டர் வீதம் வீணாக ஓடிக்கொண்டிருந்தது ஏறத்தாழ 2,100 லிட்டர். அதாவது நூற்றுக்கு மேற்பட்ட கேன்கள். வரத்து மும்மடங்கானால் இரவில் சேரும் நீரும் மும்மடங்கு. ஊற்று ஊருக்கு மேலே இருந்தால் அந்தத் தொட்டியிலிருந்து மின்மோட்டார் இல்லாமலே வீட்டுக்குக் குழாய் இறக்கலாம். வரிசையும் சுமையும் சேர்ந்து ஒழிவது அப்போதுதான்.

அரசுத் திட்டங்களுக்கு வெகு முன்பே உத்தராகண்டின் பௌரி கட்வால் மாவட்டத்தில் உஃப்ரைங்கால் பகுதி இதைச் செய்து காட்டியது. மரங்களைக் கட்டியணைத்துக் காத்த சிப்கோ இயக்கத்தின் தாக்கத்தில் வந்த பள்ளி ஆசிரியர் சச்சிதானந்த பாரதி, சுற்றுவட்டக் கிராமங்களின் மகளிர் மங்கள தளங்கள் என்னும் பெண்கள் குழுக்களோடு சேர்ந்து 1980கள் முதல் தரிசு மலைகளில் காடு வளர்த்தார். கால்நடைகள் நீர் அருந்த மலைமுகடுகளில் முன்னோர் வெட்டிவைத்த சால், கால் என்னும் பள்ளங்களை நினைவில் கொண்டு, மரக்கன்றுகளுக்கு அருகே சிறு சிறு குழிகளை ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள். வறண்ட ஓடை என்று பொருள்பட சூக்காரௌலா என்று அழைக்கப்பட்ட ஓடையில் நீர் திரும்பியது. ஊர்மக்கள் அதற்குக் கட்கங்கா என்று பெயர் மாற்றினார்கள். இங்கே பாறை ஆய்வுக் கருவிகள் எதுவும் இல்லை. ஒரு முழு மலைத்தொடரையே நெடுங்காலம் பாதுகாத்ததால், செறிவூட்டும் பகுதி எங்கே இருந்தாலும் அது அந்தக் காட்டுக்குள் அடங்கிவிட்டது என்பது என் புரிதல். அந்த அளவு நிலமும் முப்பது நாற்பது ஆண்டுப் பொறுமையும் எல்லா ஊர்களுக்கும் வாய்ப்பதில்லை. அங்கெல்லாம் பாறையைப் படிக்கும் வழியே சிக்கனமானது.

பளு குறைகிறதா, இடம் மாறுகிறதா

ஊற்று மீட்பு பெண்களுக்கான திட்டம் என்று சொல்லிக்கொண்டே, அதை அவர்கள் தலைமேல் இன்னொரு வேலையாக ஏற்றிவிடுவதும் நடக்கிறது. கவனிக்க வேண்டிய சில இடங்கள் உள்ளன.

முதலாவது, குழி வெட்டும் உழைப்பு. ஆண்கள் ஊரில் இல்லாத இடங்களில் மண் சுமப்பவர்களும் பெண்களே. கூலி கொடுக்கப்பட்டால் அது வருமானம். சமூகப் பங்களிப்பு என்ற பெயரில் இலவசமாக வாங்கப்பட்டால், நீர் சுமந்த முதுகில் மண்ணையும் ஏற்றியதாகவே ஆகும். ஆண்டுதோறும் மழைக்கு முன் குழிகளைத் தூர்வாரும் வேலைக்கும் இது பொருந்தும். தூர்வாராத குழி இரண்டு மூன்று மழைக்காலத்தில் மண்மூடிப் போகும்.

இரண்டாவது, முடிவெடுக்கும் உரிமை. செறிவூட்டும் பகுதியில் சில ஆண்டுகள் மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்று கூட்டத்தில் ஆண்கள் தீர்மானித்துவிட்டால், புல்லுக்காக இன்னும் தொலைவு நடக்கப்போவது பெண்கள். நீரில் மிச்சமான நேரம் தீவனத்தில் போய்விடும். அந்தச் சரிவிலேயே புல்லை அறுத்து எடுத்துச் செல்ல அனுமதித்து, மாடுகளை மட்டும் விடாமல் தடுத்தால் இரண்டு தேவையும் நிறைவேறும். இந்த யோசனை புல் அறுப்பவர்களிடமிருந்துதான் வரும். அவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, யாருடைய ஊற்று என்ற கேள்வி. குமாவோனில் பல நவுலாக்களைத் தலித் குடும்பங்கள் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் இருந்தது. மீட்கப்படும் ஊற்று யாருடைய தெருவுக்கு அருகில் இருக்கிறது என்பது, ஊரின் எந்தப் பெண்களுக்குப் பளு குறைகிறது என்பதைத் தீர்மானிக்கும். ஊற்றுகளின் பட்டியல் போடும்போதே, ஒவ்வொன்றிலும் இன்று யார் நீர் எடுக்கிறார்கள், யார் எடுக்க முடிவதில்லை என்று எழுதாத திட்டம் அந்தப் பழைய பிரிவினையைச் சிமெண்டில் பதித்துவிடும்.

நான்காவது, மேலூருக்கும் கீழூருக்கும் உள்ள உறவு. செறிவூட்டும் பகுதி ஒரு ஊரிலும் ஊற்று வேறு ஊரிலும் இருந்தால், மேலே இருப்பவர்கள் ஏன் தங்கள் மேய்ச்சலை விட்டுக்கொடுக்க வேண்டும்? இமாச்சலப் பிரதேசத்தின் பாலம்பூர் நகராட்சி, தனக்குக் குடிநீர் தரும் போஹல் ஊற்றின் மேற்சரிவுக் காட்டைக் காப்பதற்காக, அங்குள்ள கிராமங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தர 2010இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. தொகை சிறியதுதான். ஆனால் நீரை விளைவிப்பவர்களுக்கு நீரைப் பயன்படுத்துபவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்ட முன்மாதிரி அது.

குழாயும் ஊற்றும் ஒரே கணக்கில் வர வேண்டும்

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீரைக் குழாய் வழியே வீட்டிலேயே தருவதை இலக்காகக் கொண்டது. ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர். 27 வீட்டுக்கு 7,425 லிட்டர். நிமிடத்துக்கு 4.4 லிட்டர் தரும் ஊற்று ஒரு சொட்டும் வீணாகாமல் சேமிக்கப்பட்டாலும் நாளொன்றுக்குத் தருவது 6,336 லிட்டர்தான். ஆக, அந்த ஊரில் குழாய் பதிக்கும் வேலை முழுமையாக முடிந்திருந்தும் கோடையில் இலக்கு எட்டாது. நிமிடத்துக்கு 14.4 லிட்டர் வந்தால் 20,736 லிட்டர். எல்லா வீட்டுக்கும் கொடுத்து, கால்நடைக்கும் கொல்லைக் காய்கறிக்கும் மிஞ்சும். குழாய்க்கு மதிப்பீடு போடும் பொறியாளர் ஊற்றின் அக்டோபர் வரத்தை அளந்துவிட்டுப் போனால் இந்த வேறுபாடு காகிதத்தில் தெரியவே தெரியாது.

உத்தராகண்ட் அரசு ஊற்றுகளையும் ஆறுகளையும் மீட்பதற்கென்றே 2023இல் தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. நீலகிரியிலும் கோத்தகிரியைத் தலைமையிடமாகக் கொண்ட கீஸ்டோன் அறக்கட்டளை ஊற்றுகளையும் சதுப்புகளையும் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறது. அங்கே பாறையும் மண்ணும் வேறு. இமயமலையில் வெட்டிய குழியின் அளவை அப்படியே கொண்டுவந்து வெட்ட முடியாது. வாளியையும் கடிகாரத்தையும் நோட்டையும் மட்டும் அப்படியே கொண்டுவரலாம்.

நடைமுறையில் எஞ்சியிருக்கும் பெரிய தடை, நாட்காட்டி சார்ந்தது. அரசுத் திட்டங்களின் கணக்கு மார்ச் 31இல் முடிகிறது. இத்தனை குழி வெட்டினோம், இத்தனை ரூபாய் செலவிட்டோம் என்ற அறிக்கை அன்றோடு நிறைவு பெறுகிறது. ஊற்றுக்கான உண்மையான சோதனை ஏப்ரலிலும் மேயிலும் வருகிறது. அதுவும் வெட்டிய முதல் ஆண்டில் முழுமையாகத் தெரியாது. இரண்டு மூன்று மழைக்காலங்கள் நீர்த்தாங்கிக்குள் இறங்கிய பிறகே வரத்தில் நிலையான மாற்றம் தெரியும். அந்த ஆண்டுகளில் மே மாதத்து விடியற்காலையில் ஊற்றடிக்குப் போய், வாளி நிரம்ப எத்தனை வினாடி, வரிசையில் எத்தனை குடம் என்று எழுதி வைக்க ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் செலவுக் கணக்கு இன்னும் பல திட்டங்களில் இடம்பெறவில்லை.